கச்சான் பொதியிடும் மேசை: இருந்தபடி கை எட்டும் தூரத்தை எப்பிடி அளக்கிறது?

முத்தையன்கட்டு (கேள்வி)

அண்ணைமார், அக்காமார், வணக்கம்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பெண்கள் குழு கச்சான் (நிலக்கடலை) தரம்பிரிச்சுப் பொதியிடுகுது. 14 பேர். கல், சொத்தை, சுருங்கல் எல்லாம் பொறுக்கி, 100 கிராம், 250 கிராம் பைக்கற்றா நிறுத்து, சீலர் மெசினால ஒட்டுறது. எல்லாம் இருந்தபடி செய்யிற வேலை. இப்ப பாவிக்கிறது பொதுமண்டபத்து மேசையள். குவியல் ஒரு கரை, தராசு ஒரு கரை, சீலர் வேற மேசை. பின்னேரம் ஆகேக்கை தோள்மூட்டும் பிடரியும் உளையுது எண்டு கனபேர் சொல்லுகினம்.

புதுசா மேசை அடிக்கக் காசு ஒதுக்கியிருக்கு. 8க்கு 4 பிளைவூட்டை முழுசாப் போட்டு, கரைக்கு மூண்டு பேரா இரண்டு பக்கமும் இருத்தினால் ஆளுக்கு 2 அடி ஆழம் வரும். அது எட்டுமோ எண்டு பார்க்க, கதிரையில இருத்திக் கையை நீட்டச் சொல்லி, தோளில இருந்து நடுவிரல் நுனி மட்டும் தையல் ரேப்பால அளந்தது. ஒரே ஆளுக்குக் காலமை 66 சென்ரிமீற்றர், பின்னேரம் 71. எதை நம்புறது?

எங்க இருந்து எங்க அளக்கிறது, 14 பேரில ஆரின்ர அளவை எடுக்கிறது, இந்த 2 அடி சரியோ? இன்னொண்டு: இரண்டு பேர் சக்கர நாற்காலி. ஒராளுக்கு செல் (எறிகணை) காயத்தால வலது தோள் முழுசா உயராது.

கனகராயன்

66க்கும் 71க்கும் இடையில இருக்கிற 5 சென்ரிமீற்றர் கையில இல்லை, தோளில இருக்கு. தோள்பட்டை எலும்பு முதுகுக்கூட்டுக்கு மேல வழுக்கிற எலும்பு. "நல்லா நீட்டுங்கோ" எண்டு சொன்னவுடன ஆள் தோளை முன்னுக்குத் தள்ளும், அதோட இடுப்பில இருந்தும் கொஞ்சம் சாயும். ஒருக்காத் தள்ளலாம், நாள் முழுக்கத் தள்ளினால் அதுதான் நீங்கள் சொல்லுற தோள் உளைவு. அதால அளக்கேக்கை தோளைப் பூட்டி வைச்சு அளக்க வேணும்.

விரல் நுனி அளவும் உங்களுக்கு உதவாது. விரல் நுனி சுவிச் அமத்துறதுக்குச் சரி. கச்சான் அள்ளுறவை கையைக் குவிக்கினம், பைக்கற்றைப் பிடிக்கினம். அதுக்குப் பிடி அளவு வேணும். உடலளவு எடுக்கிறதுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 7250இல இருக்கிறதும் அதுதான்: முதுகும் பின்புறமும் செங்குத்துச் சுவரில முட்டி இருக்க, கை கிடையாக முன்னுக்கு நீண்டு, 20 மி.மீ. விட்டமுள்ள கோலை நிமிர்த்திப் பிடிச்சிருக்க, சுவரில இருந்து கோலின்ர நடு அச்சு மட்டும் உள்ள தூரம்.

செய்முறைக்குப் பெரிய சாமான் தேவையில்லை. அறையின்ர ஒரு மூலை, தட்டையான பலகை ஸ்ரூல், வெளிவிட்டம் 20 மி.மீ. உள்ள வயரிங் கொண்டியூட் பைப் ஒரு சாண் துண்டு, தச்சு மூலைமட்டம், பெரிய வெள்ளைத்தாள், தூக்குக்குண்டு. முதல் பின்சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிச்சுப் பாருங்கோ. பூச்சு வயிறு தள்ளியிருந்தால் வேற சுவர். அடியில ஸ்கேர்ட்டிங் டைல்ஸ் ஓடினாலும் கவனம்; ஸ்ரூல் கால் அதில முட்டி நிண்டால் இடுப்பு சுவருக்கு வராது.

பக்கச்சுவரில தாளை ஒட்டி 10 மி.மீ. இடைவெளியில செங்குத்துக் கோடுகள் கீறுங்கோ. பூச்சியம் பின்சுவரின்ர முகத்தில தொடங்க வேணும். மூலையில பூச்சு வளைஞ்சுதான் இருக்கும், ரேப் நுனியை மூலைக்குள்ள குத்தி வைச்சால் சில மில்லிமீற்றர் அதிலயே போயிடும். கோடுகள் செங்குத்தா இருக்கிறதால ஆளின்ர தோள் உயரத்துக்கேற்பத் தாளை ஏத்தி இறக்கத் தேவையில்லை.

பிறகு ஆளைப் பக்கச்சுவருக்குக் கிட்ட இருத்துங்கோ. பாதம் முழுசா நிலத்தில, முழங்கால் செங்கோணம். உயரம் காணாட்டில் காலுக்குக் கீழ பலகை வையுங்கோ. பின்னலைக் கட்டாயம் முன்னுக்கு எடுத்து விடச் சொல்லுங்கோ. தடிச்ச பின்னல் தோள்பட்டைக்கும் சுவருக்கும் நடுவில அகப்பட்டால் ஒரு சென்ரிமீற்றர் அப்பிடியே கூடும். கொண்டை எண்டால் பரவாயில்லை, தலை சுவரில முட்டத் தேவையில்லை.

தோள் சுவரை விட்டு எழும்புதோ எண்டு கண்ணால பிடிக்கிறது கஷ்டம். இரண்டு விரல் அகலக் கடதாசித் துண்டை வலது தோள்பட்டைக்குப் பின்னால சுவரோட வைச்சு, கை நீட்டினாப் பிறகு மெதுவா இழுத்துப் பாருங்கோ. இறுகி நிண்டால் சரி. வழுக்கி வந்தால் தோள் எழும்பீட்டுது, அந்த வாசிப்பை எழுதாதேங்கோ.

கோலை நிமிர்த்திப் பிடிக்க, மூலைமட்டத்தைப் பக்கச்சுவரில வைச்சுக் கோலின்ர முன்விளிம்புக்குக் கொண்டு வந்து வாசியுங்கோ. அதில 10 மி.மீ. கழிச்சால் அச்சு. கை கிடையா இல்லாமல் கொஞ்சம் இறங்கினால் என்ன ஆகும் எண்டு பயப்பிடத் தேவையில்லை: 540 மி.மீ. கை 5 பாகை சரிஞ்சால் குறையிறது 2 மி.மீ. தான், 10 பாகைக்கு 8 மி.மீ. கனபேர் கோணத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டு 50 மி.மீ. தோள் பிழையை விட்டிடுவினம்.

ஆளுக்கு மூண்டு தரம். ஒவ்வொரு தரமும் எழும்பித் திரும்ப இருக்க வேணும். எழும்பாமல் எடுத்த மூண்டும் ஒரு அளவுதான். மூண்டுக்கும் இடையில 10 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தால் திரும்ப எடுங்கோ. பெண்களின்ர தோள் எலும்பைத் தொட்டு அடையாளம் வைக்க வேண்டி வரும், அளக்கிறதும் ஒரு பெண்ணாப் பார்த்துக்கொள்ளுங்கோ.

அதே இருப்பில வேற அளவுகளும் எடுத்திடுங்கோ, இரண்டாம் தரம் 14 பேரையும் மறிக்கேலாது: தோள் உச்சி எலும்பு ஸ்ரூல் பலகையில இருந்து எவ்வளவு உயரம், சுவரில இருந்து எவ்வளவு முன்னுக்கு, செங்கோணமா மடிச்ச முழங்கையின்ர அடி உயரம், முழங்கைப் பின்பக்கத்தில இருந்து கோல் அச்சு, தொடைத் தடிப்பு, சுவரில இருந்து வயிற்றின்ர முன்பக்கம், இரண்டு தோள் உச்சிக்கும் இடைத்தூரம்.

நெடுங்கேணி

மேலே சொன்ன முறை சரி. ஆனால் கிடைக்கும் எண்ணை அப்படியே மேசை ஆழமாகப் போட்டால் பெரும் பிழை வரும். இரண்டு காரணம். அந்த அளவு சுவரிலிருந்து தொடங்குகிறது, மேசையோ வயிற்றுக்கு முன்னால் தொடங்குகிறது. மற்றது, அளக்கும்போது கை தோள் உயரத்தில் கிடையாக இருக்கிறது. வேலை செய்யும்போது கீழே மேசை மட்டத்தில் இருக்கிறது. தோளிலிருந்து சரிவாக இறங்கும் கை, கிடைத் தூரத்தில் குறைந்துதான் எட்டும்.

ஒரு பேச்சுக்குச் சிறிய உடம்புள்ள ஒருவரின் அளவுகளை எடுப்போம். சுவரிலிருந்து பிடி அச்சு 630 மி.மீ., தோள் உச்சி சுவரிலிருந்து 90. ஆகவே தோளிலிருந்து பிடி 540. தோள் உயரம் இருக்கைக்கு மேல் 510. முழங்கை உயரம் 210, மேசை முகம் அதற்குச் சற்று மேலே 230 என்று வைப்போம். தோளுக்கும் மேசைக்கும் உயர வித்தியாசம் 280.

540இன் வர்க்கத்திலிருந்து 280இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 462 வரும். தோளுக்கு நேர் கீழிருந்து மேசை முகத்தில் கை எட்டும் அரைவிட்டம் அதுதான். வயிற்றின் முன்பக்கம் சுவரிலிருந்து 220, இடைவெளி 20 என்றால் மேசை விளிம்பு 240இல் நிற்கும். தோளிலிருந்து பார்த்தால் 150 முன்னால். 462இல் 150 போக 312.

அதாவது சுவரில் 63 சென்ரிமீற்றர் காட்டிய ஒருவருக்கு மேசையில் உண்மையாகக் கிடைப்பது 31. உங்கள் 2 அடியில் பாதியைத் தாண்டிக் கிடப்பது முதுகை வளைத்தால்தான் எட்டும்.

அதுவும் தோளுக்கு நேர் முன்னே மட்டும். பக்கவாட்டில் போகப்போக வட்டம் பின்வாங்கும். தோள் இடைத்தூரம் 340 என்றால், விளிம்பிலிருந்து 300 உள்ளே இருக்கும் கோட்டில் நடுவிலிருந்து இருபுறமும் 270 வரைதான் எட்டும்; 250 உள்ளே 400; 200 உள்ளே 470. பெட்டிகளை நேர் வரிசையில் அடுக்கினால் ஓரப் பெட்டிகள் எப்போதும் எட்டாமல் போவது இதனால்தான். பிறை வடிவில் அடுக்குங்கள்.

இது உச்ச எல்லை. ஒரு நிமிடத்துக்குப் பல தடவை கை போய் வரும் இடத்தை இதில் வைக்கக் கூடாது. பொறுக்கும் வேலைக்கு முழங்கை உடம்போடு தொங்க, முன்னங்கை மட்டும் அசையும் பரப்பு வேண்டும். முழங்கையிலிருந்து பிடி 300 என்றால், மடித்த முழங்கையின் பின்பக்கம் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பதையும் கழித்துப் பார்க்க, விளிம்பிலிருந்து ஏறத்தாழ 110 மி.மீ. மட்டுமே. முன்னங்கை வெளியே திரும்பும்போது முழங்கையும் சேர்ந்து நகர்கிறது என்று 1956இல் ஸ்குவையர்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அதன்படி பரப்பு எளிய வட்டத்தை விட வேறு வடிவில் கொஞ்சம் விரியும். இருந்தாலும் பொறுக்கும் தட்டு விளிம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். குவியல், வெறும் பை, நிறுத்த பைக்கற் ஆகியவை வெளிவட்டத்துக்குப் போகலாம்.

யாருடைய அளவு என்ற கேள்விக்கு: எட்ட வேண்டியவற்றுக்கு ஆகக் குறைந்தவருடையது, இடம் கொள்ள வேண்டியவற்றுக்கு (தொடை, வயிறு, முழங்கால்) ஆகப் பெரியவருடையது. சராசரி எதற்கும் உதவாது. சராசரிக் கைக்கு மேசை அடித்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எட்டாது. புத்தகங்களில் 5ஆம் சதமானம் (நூறு பேரில் ஐந்து பேர் மட்டும் அதற்குக் கீழே வரும் அளவு) என்று சொல்வார்கள், சராசரியிலிருந்து நியம விலகலின் 1.645 மடங்கைக் கழிப்பது. 14 பேரை வைத்து அதைக் கணிப்பதில் பொருளில்லை. உடலளவுத் தரவுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15535 நியமத்தில் உள்ள சூத்திரப்படி, மாறல் குணகம் (நியம விலகல் சராசரியின் எத்தனை வீதம் என்பது) 5 வீதம் உள்ள ஓர் அளவின் 5ஆம் சதமானத்தை 1 வீதத் துல்லியத்தில் பெற 226 பேர் வேண்டும். 3 வீதம் போதுமென்றால் 26 பேர். உங்களுக்குத் தெரிந்த 14 பேர்தானே இருக்கப் போகிறார்கள், ஆகக் குறைந்தவரை நேரே எடுங்கள். பிறகு ஆட்கள் மாறுவார்கள் என்றால் இன்னும் 10, 15 மி.மீ. விட்டுக்கொள்ளுங்கள்.

அளப்பவர் இருவர் என்றால் முதல் ஐந்தாறு பேரை இருவரும் தனித்தனியே அளந்து, வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, ஆட்தொகையின் இருமடங்கால் பிரித்து, வர்க்கமூலம் பாருங்கள். 5 மி.மீ.க்குள் நின்றால் தொடரலாம். அதற்கு மேல் போனால் இருவரில் ஒருவர் கடதாசித் துண்டை இழுத்துப் பார்க்கவில்லை.

பரந்தன் பட்டறை

தம்பி, கணக்கு எல்லாம் சரி, அடிக்கிற நேரத்தில பிழைக்கிறது வேற இடம். மேசைக்குக் கீழ.

நெடுங்கேணியின்ர கணக்கில மேசை முகம் இருக்கைக்கு மேல 230. ஆகத் தடிச்ச தொடை 160 எண்டு வைச்சால் மிச்சம் 70 மி.மீ. அதுக்குள்ள பலகையும் சட்டமும் அடங்க வேணும். 18 மி.மீ. பிளைவூட், ஒண்டரை இஞ்சி பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) 38, கூட்டினால் 56. தொடைக்கு மேல 14 மி.மீ. காத்துப் போகும், அவ்வளவுதான். வழமை மாதிரி 4 இஞ்சி மரச்சட்டம் போட்டால் தொடை நுழையாது. ஆக்கள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி இருப்பினம், எட்டுற தூரம் முழுக்க அதில செத்துப்போகும். மேசைக்குக் கீழ லாச்சி கேட்டால் மறுத்திடுங்கோ.

8க்கு 4ஐ முழுசாப் போடாதேங்கோ. 900 மி.மீ. அகலத்துக்குக் கிழியுங்கோ, கழியிற 317இல கால் வைக்கிற பலகை அடிக்கலாம். ஒவ்வொரு ஆள் இருக்கிற இடத்திலயும் விளிம்பில அரைநிலாவா 400 அகலம், 100 ஆழம் ஜிக்சோவால வெட்டுங்கோ. வயிறு உள்ளுக்குப் போனால் 312 எண்டது வெளிவிளிம்பில இருந்து 412 ஆகுது. இரண்டு கரைக்கும் 824, நடுவில 76 மிஞ்சும், அதில ஒரு சாண் உயரத் தடுப்புப் பலகை நிறுத்தினால் அந்தப் பக்கத்துக் கல் இந்தப் பக்கம் வராது. முழங்கை இரண்டும் வெட்டின்ர கொம்பில தாங்கி நிக்கும், அதுவும் லாபம். பொக்ஸ் பார் சட்டத்தை விளிம்பில இருந்து 150 உள்ளுக்குத் தள்ளி ஓட்டுங்கோ, இல்லாட்டில் வெட்டு சட்டத்தில முட்டும். வெட்டின விளிம்பை உருட்டித் தேய்ச்சு அடைச்சு விடுங்கோ; பிளைவூட் சிராய் முன்னங்கையில ஏறும், கச்சான் தூசும் அடுக்குக்குள்ள போய் ஈரம் பிடிக்கும்.

பெட்டி விஷயம் ஒண்டு. பெட்டி நிறைஞ்சிருக்கேக்கை எல்லாருக்கும் எட்டும். காலியாகி வர, கடைசிக் கை பின்மூலை அடியில கிடக்கும்; அங்க போக முன்விளிம்புக்கு மேலால கையை வளைக்க வேணும். ஆகவே எட்டுதோ எண்டு பார்க்கிறது வெறும் பெட்டியின்ர பின்மூலையில. பின்பக்கத்தை 15, 20 பாகை உயர்த்தி, முன்விளிம்பை 40 மி.மீ.க்கு மேல விடாமல் அடிச்சால் கச்சான் தானா முன்னுக்கு வரும்.

எனக்கு இஞ்சியில எழுதித் தராதேங்கோ எண்டு எல்லாரிட்டையும் சொல்லுறனான். "24.5 இஞ்சி"யை ஒருத்தர் 24 இஞ்சி 5 நூல் எண்டு வாசிப்பார். நூல் எட்டில ஒரு இஞ்சி, 3 மி.மீ. பிழை அங்கயே. மில்லிமீற்றரில முழு எண்ணா எழுதுங்கோ.

செட்டிகுளம்

சக்கர நாற்காலியில் இருப்பவர்களைச் சுவருக்கு மாற்றி அளக்க வேண்டாம். ஸ்ரூலில் கிடைக்கும் அளவு அவர்களுடைய நாற்காலியில் பொருந்தாது: முதுகுத் தாங்கி பின்னே சரிந்திருக்கும், மெத்தை அமுங்கும், இடுப்பு முன்னே வழுகியிருக்கும். அவரவர் தன் நாற்காலியில், தன் மெத்தையில், வழமையாக இருக்கும்படி இருக்க, ஒரு மாதிரி மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்து, விளிம்பிலிருந்து பிடி எட்டும் தூரத்தை மேசை முகத்திலேயே அளந்துவிடுங்கள். கணக்கே தேவையில்லை.

முள்ளந்தண்டுக் காயம் நெஞ்சு மட்டத்தில் இருப்பவருக்கு வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உடம்பைத் தாங்காது. மற்றக் கையை ஊன்றித்தான் முன்னுக்குச் சாய முடியும். இரண்டு கையாலும் செய்யும் வேலையில் சாய்ந்து எட்டும் தூரம் என்று ஒன்று அவருக்கு இல்லை. தோள் முன்னே தள்ளாமல், உடம்பு சாயாமல் எட்டுவதை மட்டும் எழுதுங்கள்.

முழங்கால் நுழைய, மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் நியமம் மேசைக்குக் கீழே குறைந்தது 685 மி.மீ. உயரமும் 760 மி.மீ. அகலமும் கேட்கிறது. உங்கள் மேசையின் அடி உயரம் அதற்குக் கீழே வரலாம். நாற்காலியின் கைப்பிடியும் சட்டத்தில் முட்டும். மேசையின் இரு அந்தங்களிலும் ஒவ்வோர் இடத்தை 30, 40 மி.மீ. உயர்த்திச் செய்வதை விட, அவர்கள் இருவருக்கும் காலில் துளையிட்டு உயரம் மாற்றக்கூடிய தனி மேசை அடிப்பது சுகம். ஆனால் அதை மற்ற மேசையோடு தொட்டபடி போடுங்கள், மூலைக்குத் தள்ளாதீர்கள்.

தோள் உயராதவருக்கு நோவில்லாத எல்லையை அளக்க வேண்டும், பல்லைக் கடித்து எட்டும் எல்லையை அல்ல. "இழுக்கத் தொடங்குது என்றவுடன் சொல்லுங்கோ" என்று சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். இரண்டு கைகளையும் தனித்தனியே அளந்து, அவருடைய இடத்தில் குவியலை இடப்பக்கமும் பொறுக்கிய தட்டை நடுவிலும் வையுங்கள். வலது கை முன்னங்கைப் பரப்புக்குள் நின்றால் தோள் உயரத் தேவையே வராது. செயற்கைக் கை பாவிப்பவர் யாராவது பிறகு சேர்ந்தால் அதைப் போட்டபடியே, அதன் பிடியால் அளந்துகொள்ளுங்கள்.

முத்தையன்கட்டு

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கதிரை எல்லாம் கைபிடி வைச்ச பிளாஸ்ரிக் கதிரைதான், உயரம் மாத்தேலாது. ஆக உயரமானவவுக்கும் ஆகக் கட்டையானவவுக்கும் முழங்கை உயரம் 5 சென்ரிமீற்றர் வித்தியாசம் வருகுது. மற்றது, சாக்கில இருந்து பெட்டிக்கு அவையளே மாத்தலாமோ?

கனகராயன்

பிளாஸ்ரிக் கதிரையின்ர கைபிடி மேசை விளிம்பில முட்டும், அரைநிலா வெட்டால ஒரு பிரயோசனமும் இருக்காது. கைபிடி இல்லாத கதிரை எடுங்கோ, இல்லாட்டில் பட்டறையிலயே முதுகுச் சட்டம் வைச்ச ஸ்ரூல் அடியுங்கோ. மேசை உயரத்தை ஆக உயரமானவவுக்கு வையுங்கோ. கட்டையான ஆக்களுக்கு இருக்கையை 20, 35, 50 மி.மீ. எண்டு பலகைத் தட்டு வைச்சு உயர்த்தி, அதே அளவுக்குக் காலடியிலயும் பலகை வைக்க வேணும். காலடியை மறந்தால் தொடையின்ர பின்பக்கம் இருக்கை விளிம்பில நசியும், ஆள் நுனிக்கு வந்திடும், முதுகு தாங்கியை விட்டிடும். ஸ்பொஞ் போடாதேங்கோ, அமுங்கி அளவு மாறும்.

செட்டிகுளம்

சாக்கை இருந்தபடி தொடவே கூடாது. பிரித்தானியச் சுகாதாரப் பாதுகாப்பு நிறைவேற்றகத்தின் வழிகாட்டலில், இருந்தபடி கைகளால் தூக்குவதற்குப் பெண்களுக்கு 3 கிலோ, ஆண்களுக்கு 5 கிலோ. அதுவும் உடம்புக்குக் கிட்ட, நேர் முன்னே. நிற்கும் ஒருவர் 2 கிலோ கொள்ளும் வாளியால் நடுத் தடுப்புப் பக்கமிருந்து பெட்டியை நிரப்பிக்கொண்டு வரட்டும்.

பரந்தன் பட்டறை

ஆறு பேர் மேசையை உடன வெட்டாதேங்கோ. முதல் ஒரு ஆளின்ர இடத்தை மட்டும் 813க்கு 450 அளவில பழைய பலகையில வெட்டி, செங்கல் அடுக்கி உயரத்துக்கு நிறுத்தி, பெட்டி, தராசு, சீலர் எல்லாம் வைச்சு ஆகக் கட்டையானவவை ஒரு நாள் இருத்துங்கோ. தராசை விளிம்பில இருந்து 250க்குள்ள வையுங்கோ, வாசிக்கக் கழுத்து நீட்டாமல். சீலரை நடுவில இருந்து 400க்கு வெளிய விடாதேங்கோ; வயர் அந்தப் பக்கம்தான் கிடக்குது எண்டு தூரத்தில வைக்கிறதுதான் வழமை. பிளக் பொயின்றை நடுத் தடுப்பில ஏத்தினால் அந்தச் சாட்டு இல்லை.